பீலிக்கரைப் பாடம்

பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. பெரட்டுக் களத்திலே பேர் பதிந்துவிட்டுப் பெரியவர்கள் கொழுந்து மலைக்கு ஏறிவிட்டார்கள். லயத்துக்குக் கீழே, பாறையிடுக்கின் ஊற்று நீரை ஏந்திக் கொட்டும் பீலியைச் சுற்றிக் குடங்களும் வாளிகளும் வரிசை பிடித்து நிற்கின்றன. அவற்றின் பக்கத்திலே நாலைந்து பெண்பிள்ளைகள். பாடசாலைக்குப் புறப்படுமுன் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கவேண்டும். தண்ணீரோ மெலிந்து விழுகிறது. ஆகவே பேச்சு நீளுகிறது.

அவர்களுள் ஒருத்திக்கு வயது பன்னிரண்டு. நேற்றிரவு முழுவதும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உறங்காமற் கிடந்தவள். பாவாடையிலே கண்ட கறையைப் பற்றித் தாயிடம் அவள் சொல்லவில்லை; சொல்ல நா எழவில்லை. இப்போது தன்னிலும் மூன்று வயது மூத்தவளின் காதோரமாகச் சென்று, "அக்கா, எனக்கு ஏதாச்சும் பெரிய சீக்கா?" என்று கேட்கிறாள்.

மூத்தவள் தான் அறிந்ததைச் சொல்கிறாள். "சீக்கு இல்ல புள்ள, கெட்ட ரத்தம் போகுது. மூணு நாளைக்குக் குளிக்காத. துணிய யார் கண்ணுலயும் படாத எடத்துல காயப் போடு. பாம்பு தாண்டுனா பிள்ள பொறக்காதாம்." அவளுக்கு இவற்றைச் சொன்னவள் அவளிலும் மூத்தவள். அவளுக்குச் சொன்னவள் இப்போது கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையிலே நிற்கிறாள்.

இந்தக் காட்சி எந்தத் தோட்டத்தினது என்று வாசகர்கள் கேட்கவேண்டியதில்லை. ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை வரை, பொகவந்தலாவையிலிருந்து இராகலை வரை, லயம் என்று ஒன்று உள்ள இடமெல்லாம் இது நடந்திருக்கிறது. தாய் பேசாததை, ஆசிரியர் பேசாததை, மருத்துவர் பேசாததைப் பீலிக்கரை பேசியிருக்கிறது. நமது பெண்பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிய முதற் பள்ளிக்கூடம் அதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூட யாராலும் முடியாது. அதன் பாடத்தைத் திருத்த முடியுமா என்பதே நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

சட்டாம்பிள்ளையின் வழி

அக்கேள்விக்கு 'முடியும்' என்று விடை சொல்லும் முயற்சிக்கு இக்காலத்தார் இட்ட பெயர் சகபாடிக் கல்வி. ஒத்த வயதுடைய, ஒரே சூழலில் வாழும் இளைஞருள் சிலரைத் தெரிந்தெடுத்து, அவர்களுக்குச் சரியான அறிவையும் அதைச் சொல்லும் முறையையும் பழக்கி, அவர்கள் வாயிலாக மற்றவர்களுக்குச் சேர்ப்பிப்பதே அதன் சாரம். எயிட்ஸ் நோயின் அச்சம் உலகை வாட்டிய 1980களிலும் 1990களிலும் இம்முறை பல நாடுகளிலே வேகமாகப் பரவிற்று. ஆனால் இதனை மேல்நாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமை என்று எவரேனும் கருதினால் அது தவறு.

நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். கற்றறிந்த மாணவன் கல்லாத மாணவனுக்கு மணலிலே எழுத்தெழுதிக் காட்டுவான். 1789 ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் விடுதியிலே கையாண்டார். 1797 இல் அதனைப் பற்றி இலண்டனிலே ஒரு நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அது பிரித்தானியப் பள்ளிகளிலே பெயர்பெற்றது. ஆகவே தோட்டத்துக்கு இன்று வந்து சேரும் சகபாடிக் கல்வி, கடல் கடந்து போய்த் திரும்பி வரும் நம் வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் மிகையாகாது. வேறுபாடு ஒன்று உண்டு. சட்டாம்பிள்ளையின் கையிலே பிரம்பு இருந்தது. சகபாடியின் கையிலே பிரம்பு இல்லை, இருக்கவும் கூடாது.

ஊரறிந்த இரகசியம்

பெண்ணொருத்தி பெரியபிள்ளையான செய்தியை நமது சமூகம் மறைத்து வைப்பதில்லை. அவளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்; மூலையிலே தனியாக உட்கார வைக்கிறார்கள்; தாய்மாமன் சீர் கொண்டுவருகிறான்; உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறார்கள்; நாள் பார்த்துச் சடங்கு வைத்து, ஒலிபெருக்கி கட்டி, அயல் தோட்டத்தாரையும் அழைக்கிறார்கள். பத்து லயமும் அறிந்த செய்தி அது. ஆனால் நடந்தது என்ன, ஏன் நடந்தது, இனி மாதந்தோறும் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்பவர் ஒருவருமில்லை. ஊர் முழுவதும் கொண்டாடுகிறது. உரியவள் மட்டும் ஒன்றும் அறியாமல் மணையிலே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மாசி மாதத்திலே தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தையும் நினைத்துப் பாருங்கள். இரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கிறது, சிவபெருமானின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கிறது, இரதி புலம்புகிறாள். கிழவர் முதல் குழந்தைகள் வரை விடிய விடிய விழித்திருந்து பார்க்கிறார்கள். ஆசை என்னும் பெருநெருப்பை நடுக்களத்திலே வைத்துப் பேசத் துணிந்த சமூகம் இது. அப்படியிருந்தும், அடுத்த நாட்காலையில் பதினான்கு வயது மகன் ஒரு சந்தேகம் கேட்டால், "வாயை மூடு" என்பதே விடையாகிறது.

பெற்றோரைக் குறைசொல்லி இதனை எழுதவில்லை. அவர்களுக்கும் எவரும் சொல்லவில்லை. மேலும் லயத்தின் அமைப்பையும் நாம் மறந்துவிடலாகாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே தாய் தந்தை, பாட்டி, பிள்ளைகள் என ஐந்தாறு பேர் வாழ்ந்த வீடுகள் எத்தனை! உடை மாற்றுவதற்கே மறைவில்லாத இடத்திலே அந்தரங்கம் பேசுவதற்கு மறைவு எங்கே கிடைக்கும்? புதிய தனிவீடுகள் பல இடங்களில் எழுந்துள்ளன என்பது உண்மை. லயங்கள் இன்னும் மறையவில்லை என்பதும் உண்மை.

பேசாமையின் விலை

அறியாமை வெறும் நாணத்தோடு முடிந்துவிடுமானால் இத்தனை சொல்ல வேண்டியதில்லை. அதன் விலை உடம்பிலே வசூலிக்கப்படுகிறது.

மாதவிலக்கிலே வெளியேறுவது கெட்ட இரத்தமன்று. கருவை ஏற்கக் கருப்பையின் உட்புறத்திலே மாதந்தோறும் வளரும் மென்படலம், கரு தங்காதபோது உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது, அவ்வளவே. தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் நாட்கணக்கு முன்பின்னாக மாறுவது இயல்பு. குளிப்பதால் தீங்கில்லை, குளிக்காதிருப்பதே தீங்கு. இருட்டு மூலையிலே ஈரத்தோடு மடித்து வைத்த துணியே நோய்க்கு இடங்கொடுக்கும். நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய துணி கொடுக்காது. பாம்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை.

இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. போனதை உணவு ஈடுசெய்ய வேண்டும். இங்கேதான் தேயிலை நாட்டுக்கே உரிய ஒரு முரண் தோன்றுகிறது. ரொட்டியோடும் சோற்றோடும் சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமற் பெருமளவு தடுக்கிறது. உலகுக்கெல்லாம் தேயிலை கொடுக்கும் கை, தன் இரத்தத்துக்கு வேண்டிய இரும்பை அதே தேயிலையிடம் இழக்கிறது! சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டு, முருங்கைக்கீரையிலே சிறிது தேசிக்காய்ப் புளி சேர்த்துக்கொண்டால் நிலைமை மாறும். காசில்லாமற் கிடைக்கும் மருந்து இது; சொல்ல ஆள்தான் வேண்டும்.

இரத்தச்சோகையுள்ள சிறுமி, உடல் முதிருமுன்னர் தாயாகிவிட்டால், அவளுக்கும் ஆபத்து. பிறக்கும் குழந்தைக்கும் எடை குறைவு. 2016 ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்திலே அது நூற்றுக்கு 31 பேருக்கும் மேல். இக்குறைபாட்டுக்குக் காரணங்கள் பல. ஆனால் தாயின் உடல் அவற்றுள் முதன்மையானது. அந்தத் தாய் நேற்றைய சிறுமி.

ஆண்பிள்ளையின் துன்பம் வேறுவகை. உறக்கத்திலே இயல்பாக நிகழும் விந்து வெளியேற்றத்தை நோயென்று எண்ணி நடுங்குகிறான். அவனது அச்சத்தையே முதலாக்கி வாணிகம் செய்யும் போலி வைத்தியர்களின் விளம்பரங்கள் சுவர்களிலும் பத்திரிகைகளிலும் இடம்பெற்றதை யார் மறுப்பர்? படிப்பை இடைநிறுத்திப் புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போகும் பையனுக்குக் கொழும்பு கற்றுக்கொடுக்கும் பாடமோ அதனினும் கொடிது. இன்று அவன் கையிலே கைபேசியும் உண்டு. அது கேளாமலே காட்டுகிறது; ஆனால் கேட்டதற்கு விளக்கம் சொல்வதில்லை.

சட்டத்தையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1995 ஆம் ஆண்டின் திருத்தங்களின்படி, பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது இருபாலாருக்கும் 18. பதினாறு வயது நிரம்பாத பெண்பிள்ளையோடு கூடுவது, அவள் உடன்பட்டாள் என்று சொன்னாலும், குற்றமே. தீங்கு நேர்ந்தால் 1929 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாற் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அணுகலாம். இந்த நான்கு எண்களை அறிந்த பிள்ளையை ஏமாற்றுவது எளிதன்று.

எவர் கண்ணிலும் படாதவள்

தோட்டத்துப் பெண்ணின் உடல்நலம் பற்றிச் சட்டங்களும் திட்டங்களும் இல்லாமற் போகவில்லை. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்யும் கடமையை வரையறுத்தது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெறும் தொழிலாளிக்கு விடுமுறையும் பணமும் உரிமையாக்கிற்று. 1953 இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. அதன் தொடக்க காலத் தூண்களுள் ஒருவர் டொக்டர் சிவா சின்னத்தம்பி என்னும் தமிழ்ப் பெண்மணி.

1958 ஆம் ஆண்டிலே சுவீடனும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. அதற்கென முதலிலே தெரிந்தெடுக்கப்பட்ட பகுதிகள் இரண்டு. ஒன்று கீழ்நாட்டுக் கிராமமாகிய பண்டாரகமை. மற்றையது நமது நுவரெலியா மாவட்டத்து டயகமைத் தோட்டப் பகுதி. குடும்பத் திட்டம் பற்றிய அறிவை மக்களிடையே கொண்டுசென்ற முதல் முயற்சிகளிலே தேயிலைத் தோட்டமும் இடம்பெற்றது என்பது பலர் அறியாத வரலாறு. 1965 இல் அரசு அப்பணியைத் தன் சுகாதார சேவையோடு இணைத்துக்கொண்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1912 ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியைக் கண்டது. 1939 ஆம் ஆண்டுச் சட்டம் கர்ப்பிணியைக் கண்டது. 1958 ஆம் ஆண்டுத் திட்டம் தம்பதியரைக் கண்டது. பீலிக்கரையிலே நடுங்கி நின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை இவற்றுள் எதன் கண்ணிலும் படவில்லை. அவள் மணமாகிக் கருவுற்று ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பின்னரே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டாள்.

மற்றொரு கசப்பையும் மறைத்தல் முறையன்று. 1980 ஆம் ஆண்டு முதல், கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்படுவோருக்கு அரசு பணம் வழங்கியது. நாட்சம்பளத்தை நம்பி வாழும் பெண்ணொருத்தி நன்கு அறிந்து சம்மதித்தாளா, பணத்தேவையால் சம்மதித்தாளா என்ற ஐயம் அப்போதே எழுந்தது. மேலிருந்து வரும் மருத்துவ அறிவுரையைத் தோட்டத்தார் சிலர் இன்றும் ஐயக்கண்ணோடு நோக்குவரானால், அதற்கு இத்தகைய நினைவுகளும் காரணமாகலாம். 'நமக்கு நன்மை சொல்கிறார்களா, நம்மைக் குறைக்கப் பார்க்கிறார்களா?' என்ற கேள்விக்கு, அயலாரின் வெள்ளை அங்கி விடைசொல்ல இயலாது. அடுத்த காம்பராவிலே வாழும் பிள்ளை சொன்னால் ஒருவேளை நம்புவார்கள்.

1994 இல் கெய்ரோ நகரிலே 179 நாடுகள் கூடிய சனத்தொகை மாநாடு, கட்டிளமைப் பருவத்தினருக்கும் இனப்பெருக்கச் சுகாதார அறிவும் சேவையும் உரியன என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அன்றுதான் அந்தச் சிறுமி உலகத்தின் கண்ணிலே பட்டாள் எனலாம். ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியமும் 2003 முதல் 2006 வரை ஆசியாவின் ஏழு நாடுகளிலே நடத்திய இளைஞர் இனப்பெருக்கச் சுகாதார முயற்சியிலே இலங்கையும் ஒன்றாக இருந்தது. சகபாடிக் கல்வி அம்முயற்சியின் முக்கிய வழிகளுள் ஒன்று. நமது குடும்ப சுகாதாரப் பணியகம் இளைஞருக்கெனவே 'யௌவன பியச' என்னும் சேவை நிலையங்களை அமைத்தது. அயல்நாடாகிய இந்தியா 2014 சனவரியிலே தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்திலே, கிராமத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகளும் இரண்டு ஆண்பிள்ளைகளுமாகச் சகபாடிகளை நியமிக்க வகை செய்தது.

தோட்டத்திலே நடக்கும் விதம்

தோட்டமொன்றிலே இதனை எப்படி நடத்துவது? டிவிஷனுக்கு இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் என்று தெரிந்தெடுக்கவேண்டும். பரீட்சையிலே முதலிடம் பெறுபவரைத் தேடிப்போக வேண்டியதில்லை. லயத்துப் பிள்ளைகள் தங்கள் மனக்குறையை யாரிடம் போய்ச் சொல்கிறார்களோ, அவரே தகுந்தவர். தலைவரின் மகள் என்றோ, கணக்குப்பிள்ளையின் மகன் என்றோ நியமித்தால் தொடங்குமுன்னரே காரியம் கெட்டுவிடும். பாடசாலையை விட்டு விலகியவர்களுக்கும் இதிலே இடம் வேண்டும். ஏனெனில் விலகிய பிள்ளைகளை எட்டுவதற்கு அவர்களாலேயே முடியும்.

பயிற்சியை மருத்துவ மாதும் சுகாதார அலுவலரும் அளிப்பர். உடலின் இயல்பு, துப்புரவு, உணவு, நோய்கள், சட்டம் ஆகியவற்றோடு, 'எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லும் துணிவையும் பழக்குவதே நல்ல பயிற்சி. சகபாடி மருத்துவனல்லன், நீதிபதியுமல்லன். கேட்டதைத் தன்னுள்ளே வைத்திருத்தல் அவனது முதற்கடமை. ஆனால் பிள்ளையொன்றுக்குத் தீங்கு நேர்கிறது என்று அறிந்தால், நம்பத்தக்க பெரியவரிடம் உடனே சேர்ப்பித்தல் அதற்கும் மேலான கடமை. இவ்விரண்டின் எல்லையைத் தெளிவாகக் கற்பிக்காத பயிற்சி, பயிற்றப்பட்டவருக்கே ஆபத்தாக முடியும்.

கூடும் இடம் மண்டபமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கோயில் முன்றிலும், பிள்ளைக் காம்பராவும், கொழுந்து மடுவத்துத் தாழ்வாரமும் போதும். பெண்பிள்ளைகள் தனியாகவும் ஆண்பிள்ளைகள் தனியாகவும் முதலிலே பேசுவார்கள். நாணம் தெளிந்த பின் சிலவற்றைச் சேர்ந்திருந்தும் பேசலாம். வாய்விட்டுக் கேட்கத் துணியாதவர்கள் பெயரில்லாமற் கடதாசித் துண்டிலே எழுதி ஒரு பெட்டியிற் போடலாம். அந்தப் பெட்டி நிறைவதைக் கண்டாலே, இத்தனை காலம் எத்தனை கேள்விகள் தொண்டைக்குள்ளே தங்கிக் கிடந்தன என்பது விளங்கும்.

கலையும் துணைநிற்கும். கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள், எழுத்தறியாத தொழிலாளரிடம் உரிமையுணர்வைப் பாட்டாகவே பாடிச் சேர்த்தார். தெரிந்த மெட்டிலே வரும் புதிய சொல்லுக்கு மலைநாடு எப்போதும் செவிசாய்க்கும். காமன் கூத்தாடும் களத்திலேயே, இளமணத்தின் துயரைக் காட்டும் சிறு நாடகமொன்றை நம் இளைஞர்கள் ஆடினால் அது எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

பாதையும் கதவும்

நிற்க. இம்முறையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் வாசகர்களுக்கு முழு உண்மையையும் சொன்னதாகாது. 2015 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, உலக அனுபவங்களை எடைபோட்டு, தனித்து நடத்தப்படும் சகபாடிக் கல்வி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று கூறிற்று. பிள்ளைகளின் அறிவு பெருகுகிறது. நடத்தையும் நலமும் அதே அளவுக்கு மாறுவதில்லை. பயிற்சி பெற்ற சகபாடியே பெரும்பயன் அடைகிறார். மற்றவர்களை அது மெலிந்தே சென்றடைகிறது.

இந்த முடிவைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. ஆனால் அதன் பொருளை உணரவேண்டும். சகபாடி ஒரு பாதை. பாதையின் முடிவிலே கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும். கதவு பூட்டியிருந்தால், பாதையை எத்தனை அழகாகச் செப்பனிட்டும் பயனென்ன?

"சுத்தமாக இரு, துணியை அடிக்கடி மாற்று" என்று தோழி சொல்கிறாள். பதினெட்டு வயதிலே கொழுந்தெடுக்கப் போகும் பெண் அதை எங்கே மாற்றுவாள்? மலையிலே மலசலகூடம் இல்லாத தோட்டங்கள் பல. தேயிலைச் செடியின் மறைவும் அட்டைக்கடியுமே அவளுக்குக் கிடைத்த வசதி. "இரத்தப்போக்கு மிகுதியானால் மருத்துவ மாதைப் பார்" என்கிறாள். அந்த மாது எத்தனை டிவிஷன்களுக்கு ஒருவர்? வருபவருக்குத் தமிழ் தெரியுமா? அந்தரங்க நோயை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் சொல்வாள்? "சுகாதாரத் துவாய் பயன்படுத்து" என்கிறாள். 2024 இல் அரசு பாடசாலை மாணவியருக்கு அதற்கெனப் பற்றுச்சீட்டு வழங்கத் தொடங்கியது, நன்று. பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைக்கு எந்தச் சீட்டு?

டிக்கோயாவிலே இந்திய உதவியோடு எழுந்த ஆஸ்பத்திரி 2017 மே மாதத்திலே திறந்துவைக்கப்பட்டது. அத்தகைய பெரிய கதவுகள் திறப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் மேல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாட்பேரை இழந்து அங்கே போய்ச் சேருவதற்குள், பதினைந்து வயதுப் பிள்ளையின் துணிவு கரைந்துவிடும். ஆகவே லயத்துக்கு அண்மையிலே, குறித்த கிழமையிலே, தமிழ் பேசும் மருத்துவ மாது ஒருவர் வந்திருக்கும் சிறிய கதவே முதலில் வேண்டப்படுவது. அந்தக் கதவு வரை தங்கையின் கையைப் பிடித்து அழைத்துப் போவதே சகபாடியின் உண்மையான பணி. இரண்டும் ஒருங்கே இருக்குமிடத்திலே கல்வி பயன் தரும். ஒன்றே இருக்குமிடத்திலே அது பேச்சாகவே ஒழியும்.

மற்றொரு குறையும் உண்டு. இவை பெரும்பாலும் 'புரொஜெக்ட்' என்னும் பெயரோடு வருகின்றன. பணம் முடிந்ததும் போய்விடுகின்றன. பயிற்சி பெற்ற பெண் மணமாகி வேறு தோட்டத்துக்குப் போகிறாள். பையன் கொழும்புக்குப் போகிறான். அவர்களின் இடத்தை நிரப்ப ஏற்பாடு இல்லை. பிள்ளைகள் வளர்வது மூன்றாண்டுத் திட்டத்தின்படி அன்று. ஒவ்வோராண்டும் பன்னிரண்டு வயதை எட்டுவோர் புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே சகபாடியைத் தெரிவதும் பயிற்றுவதும் தோட்டச் சுகாதாரத்தின் நிரந்தர வேலையாக வேண்டும். கம்பெனியும் அரசும் தொழிற்சங்கமும் இதனை ஒருவர் மற்றவரின் பொறுப்பென்று தள்ளிவிடுவதை நிறுத்தவேண்டும். சம்பள உயர்வு கேட்கும் கோரிக்கைப் பட்டியலிலே, மலைக்கொரு மலசலகூடம் என்பதும் ஒரு வரியாக இடம்பெறட்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?" என்று அஞ்சும் தாய்மார் உண்டு. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. மகளுக்கு ஊறு நேருமோ என்று நெஞ்சிலே நெருப்பைச் சுமந்துகொண்டு மலையிலே நிற்பவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் அறியாதிருப்பார்கள் என்பது மெய்யன்று. தவறாக அறிவார்கள் என்பதே மெய். ஏமாற்றுபவன் தேடி வருவது அறிந்த பிள்ளையையன்று, அறியாத பிள்ளையையே. சகபாடிகளைப் பயிற்றுமுன் தாய்மாரையும் தந்தையரையும் அழைத்து, என்ன சொல்லப் போகிறோம் என்பதை அவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுவது நலம். அவ்வாறு கேட்கும் தாய், "எங்களுக்கு இதை அந்தக் காலத்திலேயே யாராவது சொல்லியிருந்தால்!" என்று பெருமூச்சு விடவும் கூடும்.

பல தோட்டங்களிலே பீலி இருந்த இடத்துக்குக் குழாய் வந்துவிட்டது. குழாயடியிலும் வரிசை உண்டு. வரிசையிலே பேச்சும் உண்டு. நாளைக் காலையிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி அங்கே வருவாள். அதே கேள்வியைத் தன்னிலும் மூத்தவளின் காதிலே மெல்லக் கேட்பாள்.

"சீக்கு இல்ல புள்ள. எல்லாப் பொம்பளப் புள்ளைக்கும் வர்றதுதான். பயப்படாத. சாயந்தரம் கோயில் பக்கம் வா, வெவரமாச் சொல்றேன். செவ்வாய்க்கெழம நர்ஸம்மா வருவாங்க. ஒன்னய நானே கூட்டிட்டுப் போறேன்."

இவ்வளவுதான் நாம் வேண்டுவது. சொல்லும் வாய் அதே தோழியின் வாய். நிற்கும் இடமும் அதே இடம். மாற வேண்டியவை அவள் சொல்லும் சொல்லும், செவ்வாய்க்கிழமை தவறாமற் திறக்கும் அந்தக் கதவுமே.